குதிரையின் தசைவன்மையும் அமினோ அமில உணவும்

ஓடுகின்ற குதிரையைக் கண்டு மகிழாதார் அரியர். அதன் தோளிலும் பின்தொடையிலும் திரண்டெழுந்து அடங்கும் தசைகளின் அழகே அம்மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணமாகும். அத்தசைகளைப் பேணி வளர்ப்பது எங்ஙனம் என்னும் வினா, பந்தயக் குதிரை, போலோ ஆட்டக் குதிரை, தடைதாண்டும் குதிரை, நெடுந்தூரம் ஓடும் குதிரை ஆகியவற்றை வைத்திருப்போர் அனைவருடைய உள்ளத்திலும் எழுவதொன்று. அவ்வினாவிற்கு விடையென்று சொல்லிப் பலவகைப் பொடிகளும் குழம்புகளும் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. ‘அமினோ அமிலங்கள் செறிந்தது’ என்றும், ‘தசையை வளர்ப்பது’ என்றும் அவற்றின் டப்பாக்கள்மீது பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். இவை மெய்யாகவே பயன்படுவனவா? பயன்படுமாயின் எந்நிலையில் பயன்படும்? எந்நிலையில் பயன்படாது போம்? இவற்றை இயன்ற அளவு விளக்குதலே நம் நோக்கம். உயிர்நூல் பயிலும் மாணவர்க்கேயன்றி, வாயில்லாப் பிராணி ஒன்றைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் எவர்க்கும் இஃது ஒருவாறு உதவும் என நம்புகிறோம்.

குதிரைக்கு எதைக் கொடுத்தால் உடல் தேறும் என்னும் ஆராய்ச்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபுநாட்டுப் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து பெரும் பொருள் கொடுத்து வாங்கியதைக் குறித்துவைத்தார். அக்குதிரைகளுள் பெரும்பாலன விரைவில் இறந்துபட்டன என்றும், அவற்றிற்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் ஊட்டப்பட்டன என்றும் அவர் கூறுகிறார். ஊட்டியவர் கொடியர் அல்லர். அருமையாக வாங்கிய பிராணிக்குத் தாம் உயர்ந்ததெனக் கருதிய உணவையே கொடுத்தனர். அன்பு இருந்தது; அறிவு இல்லை. இக்காலத்து டப்பாக்களை வாங்குவோர் பலருடைய நிலையும் இதனின் வேறுபட்டதன்று.

இனி, குதிரையின் தசையைப்பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நல்ல இனத்துப் பந்தயக் குதிரையின் உடல் எடையில் ஏறக்குறையப் பாதி, ஏன், பாதிக்குச் சற்று மிகுதியாகவே, எலும்பை அசைக்கும் தசையாக இருக்கிறது. வேறு பெரிய விலங்குகள் பலவற்றில் இப்பங்கு இத்துணை மிகுதியன்று. தசையானது மெல்லிய நார்கள் பலவற்றின் தொகுதி. அந்நார்களுள் சில மெல்லச் சுருங்கி நெடுநேரம் சோர்வின்றி உழைப்பன. சில விரைந்து சுருங்கி விரைவில் சோர்வன. நெடுந்தூரம் செல்லும் அரபுக் குதிரைக்கு முன்னவை உதவும். கால் மைல் தூரத்தை மின்னல்போற் கடக்கும் குதிரைக்குப் பின்னவை உதவும். நார் எவ்வகையினதாயினும், நீரை நீக்கிப் பார்த்தால், அதன் பெரும்பகுதி புரதமே. அப்புரதமும் ஒருமுறை கட்டி முடிந்த சுவர்போல் நிலைத்திருப்பதன்று. நாள்தோறும் ஒரு பகுதி சிதைந்து, சிதைந்ததற்கு ஈடாகப் புதியது கட்டப்படுகிறது. சிதைவினும் கட்டுதல் மிகுந்தால் தசை வளரும். குறைந்தால் தசை வற்றும். வளர்ச்சி, வற்றல் என்னும் இரண்டும் இவ்வரவுசெலவுக் கணக்கில் அடங்கும்.

புரதமாவது யாது? அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே புரதம். அவ்வமிலங்கள் இருபது வகைப்படும். இதனை விளக்க அச்சுக்கூடத்தை உவமையாகக் கொள்வோம். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துக்களைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துச் சொற்களைக் கோக்கிறார். பெட்டியில் ககரமும் தகரமும் குவியல் குவியலாய்க் கிடக்கின்றன. ஆயின் னகர எழுத்து மாத்திரம் பத்தே உண்டு. பதினொன்றாவது னகரம் வேண்டிய இடத்தில் வேலை நின்றுவிடும். ககரம் எத்துணை மிகுந்திருப்பினும் அக்குறை நீங்காது. புதிதாய் ஒரு கூடை ககரம் வாங்கிவந்து கொட்டினாலும் பயனில்லை. பத்து னகரம் வாங்கிவந்தால் பக்கம் முடியும். குதிரையின் உடலும் இவ்வாறே தன் புரதங்களைக் கோக்கிறது. இருபது அமிலங்களுள் ஏறக்குறையப் பாதியை அதன் உடல் தானே ஆக்கிக்கொள்ளும். எஞ்சிய பத்தும் உணவிலிருந்தே வரவேண்டும். அப்பத்தினுள் எது தேவைக்கு மிகக் குறைந்து வருகிறதோ அதுவே வேலையின் அளவை வரையறுக்கும். அறிஞர் அதனை ‘எல்லைகட்டும் அமிலம்’ என்னும் பொருளில் வழங்குவர்.

இவ்வுவமைக்கும் உண்மைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அச்சுக்கூடத்தில் மிஞ்சிய எழுத்துக்களை நாளைக்கென்று வைத்துக்கொள்ளலாம். உடலிலோ மிஞ்சிய அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்கும் பண்டகசாலை இல்லை. அவற்றின் நைட்ரஜன் பகுதி யூரியாவாகிச் சிறுநீரில் கழியும். எஞ்சிய பகுதி எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறும். ஆதலால் இன்று மிகுதியாகக் கொடுத்து நாளைய குறையை நிரப்புதல் இயலாது.

ஓர் அமிலத்தின் குறைவே வளர்ச்சியைத் தடுக்கும் என்பதை ஐயமின்றிக் காட்டியவர் அமெரிக்க நாட்டு ஆஸ்பர்ன், மெண்டல் என்னும் இருவர். 1914-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட சோதனை இன்றும் வியத்தற்குரியது. மக்காச்சோளத்தின் புரதங்களுள் ஒன்றாகிய சீன் என்பதையே தனிப்புரதமாகக் கொண்ட உணவை எலிகளுக்கு ஊட்டினர். எலிகள் எடை குறைந்து நலிந்தன. அவ்வுணவில் டிரிப்டோபேன் என்னும் ஓர் அமிலத்தைச் சேர்த்தபோது நலிவு நின்றது. ஆயினும் வளர்ச்சி இல்லை. லைசின் என்னும் மற்றோர் அமிலத்தையும் சேர்த்தவுடன் அவ்வெலிகள் வளரத் தொடங்கின. லைசினை 1889-இல் பாலின் புரதத்திலிருந்து பிரித்துக் கண்டவர் ஜெர்மானியராகிய டிரெக்ஸல். திரியோனின் என்னும் அமிலத்தை 1935-இல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரோஸ் என்பவர் கண்டறிந்தார். இவ்விரண்டு பெயர்களையும் வாசகர் நினைவில் வைத்தல் நலம். குதிரைகளின் வழக்கமான தீனியில் முதலாவதாகக் குறைவது லைசின் என்றும், அடுத்துக் குறைவது திரியோனின் என்றும் ஆராய்ச்சியாளர் கொள்ளுகின்றனர்.

எலியில் கண்டது குதிரைக்கும் பொருந்துமோ எனின், பொருந்தும். மாட்டைக்காட்டிலும் மிகுதியாகவே பொருந்தும். இதற்குக் காரணம் வயிற்றின் அமைப்பு. மாடு உண்ட புல் முதலில் அதன் பெருவயிற்றில் தங்கிப் புளிக்கிறது. அங்குள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள் எளிய புரதத்தையும், யூரியாவையுங்கூட, உயர்ந்த புரதமாக மாற்றிக்கொள்ளுகின்றன. பின்னர் அந்நுண்ணுயிர்களே சிறுகுடலை அடைந்து செரித்து மாட்டிற்கு உணவாகின்றன. குதிரையின் வயிற்றில் இம்முறை தலைகீழாக இருக்கிறது. உணவு முதலில் சிறுகுடலைக் கடந்து, அதன்பின்னரே முப்பது லிட்டர் வரை கொள்ளத்தக்க குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் புளிக்கிறது. அங்கும் நுண்ணுயிர்கள் புரதம் ஆக்குகின்றன. ஆனால் அமினோ அமிலங்களைப் பெரும்பாலும் உறிஞ்சும் இடமாகிய சிறுகுடல் முன்னமே கடந்துபோயிற்று. சந்தை கலைந்தபின் வந்த சரக்கு போல அப்புரதம் பெரும்பாலும் சாணத்தோடு கழிந்துவிடும். ஆகையால் மாட்டிற்குத் தீனியின் புரதம் எத்தகையதாயினும் ஓரளவு சரிப்படும். குதிரைக்கோ புரதத்தின் அளவோடு அதன் தரத்தையும் பார்த்தல் இன்றியமையாதது.

அளவு என்னவென்பதையும் கூறுவோம். அமெரிக்க நாட்டு தேசிய ஆராய்ச்சிக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 500 கிலோ எடையுள்ள, வேலையில்லாத வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்குப் புரதம் 630 கிராமும், அதனுள் லைசின் 27 கிராமும் வேண்டும். நடுத்தர வேலை செய்யும் குதிரைக்கு முறையே 768 கிராமும் 33 கிராமும். கடிய வேலைக்கு 862 கிராமும் 37 கிராமும். பந்தயக் குதிரையின் பயிற்சி போன்ற மிகக் கடிய வேலைக்கு 1004 கிராமும் 43 கிராமும் கூறப்படுகின்றன.

இவ்வெண்களைக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடிய வேலை செய்யும் அத்தகைய குதிரை ஒன்று நாளொன்றுக்கு 8 கிலோ முற்றிய உலர்புல்லும் 3 கிலோ ஓட்ஸ் தானியமும் உண்பதாகக் கொள்வோம். புல்லில் நூற்றுக்கு 8 பங்கு புரதமும், அப்புரதத்தில் நூற்றுக்கு 3 பங்கு லைசினும் இருப்பதாகவும், ஓட்ஸில் 11 பங்கு புரதமும் அதில் 4 பங்கு லைசினும் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். புல்லிலிருந்து 640 கிராமும் தானியத்திலிருந்து 330 கிராமும் ஆக 970 கிராம் புரதம் கிடைக்கிறது. வேண்டுவது 862, மிகுதியாகவே இருக்கிறது. லைசினோ புல்லிலிருந்து 19 கிராமும் தானியத்திலிருந்து 13 கிராமும் ஆக 32 கிராமே. வேண்டுவது 37. புரதம் நிரம்பியிருந்தும் குதிரை பசித்திருக்கிறது! அதன் தசை தேறாமைக்குக் காரணம் தேடும் சொந்தக்காரர் இன்னும் மூன்று கிலோ ஓட்ஸை அள்ளிப் போடுவாராயின் வேறு துன்பங்கள் விளையும். இக்குதிரைக்கு வேண்டுவது 5 கிராம் லைசின். மிகச் சிறிய அளவே.

அக்குறையை நிரப்ப வழிகள் இரண்டு. பிரித்தெடுத்த லைசினையும் திரியோனினையும் பொடியாகக் கொடுப்பது ஒன்று. அவ்வமிலங்கள் இயல்பாகவே மிகுந்துள்ள தீனியைச் சேர்ப்பது மற்றொன்று. மேற்கூறிய குதிரைக்குக் கால் கிலோ சோயாப் பிண்ணாக்குக் கொடுத்தால் ஏறக்குறைய ஆறரைக் கிராம் லைசின் கிடைத்துவிடும். லூசர்ன் என்னும் பயறுவகைப் புல்லும் இவ்வாறே உதவும். நம்மவர் அதற்குக் குதிரை மசால் என்று பெயரிட்டிருத்தல் பொருத்தமே. நம் நாட்டுக் குதிரைகளுக்குத் தொன்றுதொட்டு ஊட்டப்படும் கொள்ளும் லைசின் நிறைந்தது. மெதியோனின் போன்ற கந்தகமுள்ள அமிலங்களிலோ வறியது. தானியங்களின் இயல்பு இதற்கு மாறானது. ஆதலின் கொள்ளும் தானியமும் கலந்த தீனியில் ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கிறது. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளொன்று உண்டு. வேகவைத்தால் அதன் வலிமை பெரிதும் குறையும். லாயத்து அடுப்பில் கொள்ளு வேகவைத்த முதியோர் அமினோ அமிலம் என்னும் பெயரை அறியார். ஆயினும் அவர் செய்த செய்கைக்கு இன்று காரணம் காட்டமுடிகிறது.

பொடியாகக் கொடுப்பதும் பயனற்றதன்று என்பதற்குச் சான்றுகள் உள. 1994-இல் அமெரிக்காவின் பிளாரிடாப் பகுதியில் ஓராண்டுக் குட்டிகளின் தீனியில் லைசினும் திரியோனினும் சேர்த்துச் சோதித்தனர். சேர்க்கப்பெற்ற குட்டிகள் மற்றவற்றினும் நன்கு எடை ஏறின. 2005-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், வளர்ந்த குதிரைகளுக்கும் முதிர்ந்த குதிரைகளுக்கும் இவ்விரண்டையும் பதினான்கு வாரம் கொடுத்ததில், அவற்றின் தசைத்திரட்சி கொடுக்கப்பெறாதவற்றினும் மேம்பட்டிருந்தது. ஜப்பானியர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், உழைப்பு முடிந்தபின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் இரத்தத்திற் செலுத்தப்பெற்ற பந்தயக் குதிரைகளின் பின்காலில் புரதம் கட்டும் வேலை மிகுந்தது. இவற்றால் ஒன்று தெளிவாகும்: குறை உள்ள இடத்தில் குறைந்ததைக் கொடுத்தால் பலன் உண்டு. ஆனால் டப்பாவின் மேலுள்ள பெயர்களைமட்டும் படித்தல் போதாது. ஒரு கரண்டியில் எத்தனை கிராம் லைசின் என்பதைப் பார்க்கவேண்டும். ஐந்து கிராம் குறையுள்ள இடத்தில் அரைக் கிராம் கொடுக்கும் டப்பா, பத்து னகரம் கேட்ட அச்சுக்கோப்பவருக்கு ஒன்றைக் கொடுத்தனுப்புவதை ஒக்கும்.

இது நிற்க. புரதமே தசையின் எரிபொருள் என்னும் கொள்கை ஒன்று ஒருகாலத்தில் நிலவிற்று. ஜெர்மனி நாட்டுப் பேரறிஞர் லீபிக் அதனைக் கூறியதால் பலரும் நம்பினர். 1865-ஆம் ஆண்டில் ஸுரிச் நகரத்துப் பேராசிரியராகிய பிக், விஸ்லிஸீனஸ் என்னும் இருவர் அதனைத் தம் உடலிலேயே சோதித்தனர். முதல் நாள் நண்பகல் தொடங்கிப் புரதமில்லா உணவையே, அதாவது கொழுப்பிற் பொரித்த மாப்பணியாரத்தையும் சர்க்கரைத் தேநீரையுமே, உட்கொண்டு, சுவிட்ஸர்லாந்தின் பௌல்ஹார்ன் என்னும் மலைமேல் ஏறினர். வழியிலும் பின்னரும் கழிந்த சிறுநீரைச் சேர்த்து, அதிலுள்ள நைட்ரஜனைக்கொண்டு உடலில் எவ்வளவு புரதம் எரிந்தது எனக் கணக்கிட்டனர். அவ்வளவு புரதம் தந்திருக்கக்கூடிய ஆற்றல் அம்மலையேற்றத்திற்கு வேண்டிய ஆற்றலுக்குப் போதவில்லை. கொழுப்பும் மாச்சத்துமே பெரும்பாலும் உழைப்பின் விறகு என்பது புலனாயிற்று. புரதம் அடுப்பைக் கட்டும் செங்கல், விறகு அன்று. செங்கலை விறகாக்குவோர் பொருளை வீணாக்குவர்.

வீண் மாத்திரமன்று. மிகுந்த புரதம் கொடுக்கப்பெற்ற குதிரை அதன் யூரியாவை வெளியேற்ற மிகுதியான நீர் குடிக்கும். மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். லாயத்தில் அம்மோனியா நாற்றம் மிகும். அதனைச் சுவாசிக்கும் குதிரையின் மூச்சுக்குழல் புண்படும். புரதத்தைச் சிதைக்கும்போது எழும் வெப்பமும் மிகுதியாதலால், வெயிலில் ஓடவேண்டிய பிராணிக்கு அது மேலும் ஒரு சுமை.

இதனினும் பெரிதாகிய செய்தியொன்று கூறவேண்டியுள்ளது. தசை மெலிந்த குதிரை, தசை இறுகிய குதிரை, ஓட மறுக்கும் குதிரை எல்லாவற்றிற்கும் அமினோ அமிலக் குறையே காரணமென்று எண்ணுதல் கூடாது. இதற்கு ‘திங்கட்கிழமைக் காலை நோய்’ என்பதைக் காட்டாகக் கூறுவோம்.

மோட்டார் வண்டிகள் வருமுன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருஞ்சுமைகளை இழுத்தவை பெருங்குதிரைகள். வாரத்தில் ஆறு நாள் அவை உழைக்கும். ஞாயிற்றுக்கிழமை லாயத்தில் ஓய்ந்து நிற்கும். ஓய்வுநாட் கட்டளை மனிதருக்கே யன்றி அவர் வீட்டு விலங்கிற்கும் உரியதாகலின் அவ்வோய்வு நன்றே. ஆனால் வேலையில்லாத அந்நாளிலும் வேலைநாட்குரிய முழுத்தீனி வைக்கப்படும். திங்கட்கிழமைக் காலையில் வண்டி பூட்டிச் சிறிது தூரம் செல்லுமுன்னரே குதிரைக்கு வியர்வை பெருகும், பின்தொடைத் தசைகள் மரக்கட்டைபோல் இறுகும், கால் பெயராது, சிறுநீர் காப்பி நிறமாய்க் கழியும். வண்டிக்காரன் இதனை ஒருநாள் சோம்பலிருந்து பழகிய குதிரையின் பிடிவாதம் என்று எண்ணிச் சவுக்கை எடுப்பான். அடிக்கு அஞ்சிய குதிரை இரண்டடி எடுத்துவைக்கும். இறுகிய தசை மேலும் கிழியும். காப்பி நிறத்திற்குக் காரணம் கிழிந்த தசையிலிருந்து கரைந்துவந்த மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம். அது சிறுநீரகத்தைப் பழுதாக்கிக் குதிரையைக் கொன்றுவிடவுங்கூடும். பல்லாயிரம் குதிரைகள் இவ்வாறு நோயின் துன்பத்தோடு அடியின் துன்பமும் பட்டிருக்கும் என்பதை எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது.

இந்நோயின் ஒரு வகைக்குரிய காரணம் அண்மைக்காலத்திலேதான் விளங்கிற்று. பெண் மருத்துவராகிய ஸ்டெபனி வால்பர்க் என்பாரும் அவருடன் உழைத்தோரும், தசையில் மாறுபட்ட ஒருவகைச் சர்க்கரைப் பொருள் தேங்கிக் கிடப்பதை 1992-இல் விவரித்தனர். மின்னஸோட்டாப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் அதற்குரிய பரம்பரைக் கூற்றின் பிழையையும் கண்டனர். தசையில் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பை ஆக்கும் நொதி இப்பிழையால் அளவிறந்து வேலை செய்கிறது, சேமிப்பு பெருகுகிறது, வேண்டும்போது எரிந்து உதவுவதில்லை. பெர்ச்சரான், பெல்ஜியன் முதலிய பெருங்குதிரை இனங்களிலும், அமெரிக்கக் குவார்ட்டர் இனத்திலும், வேறு பல இனங்களிலும் இப்பிழை உண்டு. பந்தயக் குதிரைகளில், சிறப்பாக மிரளும் இயல்புடைய இளம்பெண் குதிரைகளில், இதே தோற்றமுடைய மற்றொரு நோய் வேறு காரணத்தால் உண்டாகிறது.

இவற்றைத் தீர்க்கும் வழி அமினோ அமில டப்பாவில் இல்லை. தானியத்தையும் இனிப்புத் தீனியையும் குறைத்து, அதற்கீடாக எண்ணெய் போன்ற கொழுப்புச்சத்தைச் சேர்த்து, ஒருநாளும் விடாமல் சிறிதேனும் நடமாடச் செய்தலே சிறந்த வழி. ஓய்வுநாளில் ஓட்ஸைக் குறைத்துத் தவிட்டுக் கஞ்சி வைத்த பழைய குதிரைக்காரர் இருந்தனர். அவருடைய குதிரைகள் திங்கட்கிழமையிலும் நடந்தன. நோய் வந்தபோதோ, குதிரையை நின்ற இடத்திலேயே நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். நடத்தி இறுக்கம் தெளிவிக்க முயலுதல் கூடாது.

தசை வற்றுதற்கு இன்னும் பல காரணங்கள் உள. முதிய குதிரைகளில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பிழைபட்டு முதுகுத்தசை கரைவதுண்டு. அதற்குத் தனி மருந்து இருக்கிறது. சில குவார்ட்டர் இனக் குதிரைகளில் தொற்றுநோய் ஒன்று வந்துபோனபின் சில நாட்களுக்குள்ளேயே தசை கரைந்துவிடும். அதற்குரிய பரம்பரைப் பிழை 2018-இல் அறியப்பட்டது. பல் தேய்ந்து புல்லை மெல்லமாட்டாத குதிரையும், பொருந்தாச் சேணத்தால் முதுகு நொந்த குதிரையும், கால்வலியால் ஒரு காலை ஊன்றாத குதிரையும் மெலியும். இவற்றை ஆராயாது, பொடியை மாற்றி மாற்றி வாங்குவோர் மாதக்கணக்கில் பொருளை இழப்பர். அக்காலமெல்லாம் வலியைப் பொறுத்து நிற்பது குதிரை.

தசைக்கென்று கொடுக்கும் பொருள்கள் எவ்வளவு பேரிடர் விளைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டோடு முடிப்போம். 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் பிளாரிடாவில் வெல்லிங்டன் என்னும் ஊரில் பெரியதோர் போலோப் போட்டி நடக்கவிருந்தது. வெனிசுவேலா நாட்டுச் செல்வர் ஒருவரது அணியின் குதிரைகள் ஆட்டத்திற்குச் சற்றுமுன் தள்ளாடி விழுந்தன. அடுத்த நாளுக்குள் 21 குதிரைகள் மாண்டன. ஆட்டத்தின் சோர்வு நீங்கும்பொருட்டு அவற்றிற்கு வைட்டமின்களும் உப்புச்சத்துக்களும் கலந்த மருந்தொன்று ஊசிவழிச் செலுத்தப்பட்டிருந்தது. அதில் செலினியம் என்னும் பொருள் அளவிற்கு மிகமிகக் கூடியிருந்ததென்று அரசாங்கச் சோதனையில் தெரிந்தது. செலினியம் தசைக்கு இன்றியமையாதது; அஃது இல்லையேல் இளங்குட்டிகளின் தசை வெளுத்து நலியும். ஆயினும் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறக்குறைய ஒரு மில்லிகிராமே. லைசினில் சில கிராம் மிஞ்சினால் சிறுநீரிற் போகும். செலினியம் மிஞ்சினால் உயிரே போகும். தசை டப்பாக்கள் பலவற்றில் இவ்விரண்டும் ஒருங்கே கலந்திருத்தலால், ஒன்றற்கு மேற்பட்ட டப்பாக்களை ஒரே காலத்தில் கொடுப்போர் ஒவ்வொன்றிலும் உள்ள செலினியத்தைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். அவ்விருபத்தொரு குதிரைகளையும் கொன்றது பகையன்று; அவற்றின் நலம் கருதிச் செய்த செய்கையில் நேர்ந்த ஓர் அளவுப்பிழை.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். நல்ல புல்லும், அளவான தானியமும், பயறுவகைத் தீனியும், இடையறாப் பழக்கமும், ஓய்வும் தசைவன்மையின் அடிப்படை. குதிரை மெலிந்தால், முதலில் பல்லையும் சேணத்தையும் காலையும் பார்த்து, மருத்துவரைக்கொண்டு நோயை ஆராய்தல் வேண்டும். நோயில்லையேல், தீனியை நிறுத்து, அதில் லைசின் எவ்வளவு என்று கணக்கிடவேண்டும். குறை காணப்பட்டால் அக்குறையளவே நிரப்பவேண்டும். குறையில்லையேல் டப்பாவை வாங்காதிருப்பதே அறிவு.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது நம்மவர் பழமொழி. ஒரே பொருளை எல்லார்க்கும் ஊட்டாமல், உண்பவனுடைய நிலையைக் கண்டு ஊட்டுக என்பதே அதன் உட்கருத்து. தனக்கு எங்கே நோகிறது, எது குறைகிறது என்று குதிரை சொல்லமாட்டாது. அது சொல்லமாட்டாததைத் தராசும், கணக்கும், உற்று நோக்கும் கண்ணும் நமக்குச் சொல்லும். அவற்றைக் கையாளாது அன்பு ஒன்றையே நம்பி ஊட்டுவோமாயின், அன்று சோறும் இறைச்சியும் ஊட்டியவர்க்கும் நமக்கும் வேற்றுமை இல்லை.